தண்ணீருக்கும் இடம் வேண்டும், நமக்கும் இடம் வேண்டும்

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்காகக் கான்ஜூர்மார்க், பாண்டுப், முலுண்டு ஆகிய இடங்களில் உள்ள 255.9 ஏக்கர் உப்பள நிலத்தை ஒதுக்குவதென்று 2024-ஆம் ஆண்டில் முடிவெடுக்கப்பட்டது. நிலம் மத்திய அரசினுடையது. கேட்டு வாங்கியது மாநில அரசு. திட்டத்தை நடத்துவது, அதானி குழுமம் 80 விழுக்காடும் மாநில அரசு 20 விழுக்காடும் பங்கு வைத்திருக்கும் கம்பெனி. உப்பளத்துக்குப் போகவேண்டியவர்கள் யார்? 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தோம் என்று காகிதம் காட்ட முடியாதவர்கள். மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள். பிறகு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். சுருங்கச் சொன்னால், நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒரு தம்பியோ மச்சானோ மருமகனோ அந்தப் பட்டியலில் இருக்கிறார்.

இந்த ஒதுக்கீட்டைச் சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்க்கின்றன. நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்ட நம் மக்கள் பலர் கொதிக்கிறார்கள். "பறவைக்கு இடம் உண்டு, எங்கள் பிள்ளைகுட்டிகளுக்கு இடமில்லையா?" என்று கிளைக் கூட்டங்களில் கேட்கிறார்கள். கேட்பவர்களின் ஆத்திரம் நியாயமானது. ஆனால் ஆத்திரம் போய்ச் சேரவேண்டிய முகவரி வேறு. பறவைக்கும் நமக்கும் சண்டை மூட்டிவிட்டு நடுவில் நிலத்தை அளப்பவன் ஒருவன் இருக்கிறான். அவனை விட்டுவிட்டுக் கொக்கோடு மல்லுக்கு நிற்பது நமக்கு அழகல்ல.

சங்கத்தின் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உப்பளத்தில் நமக்கு வீடு வேண்டாம். தாராவியில் உழைத்தவனுக்குத் தாராவியிலேயே வீடு வேண்டும். உப்பளத்தையும் கண்டல் காட்டையும் காக்கப் பாடுபடும் குழுக்களில் நம்மவர்கள் சேரவேண்டும். சேர்ந்து அங்கே நம் குரலில் பேசவேண்டும். ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறோம்.

உப்பளம் என்பது என்ன? தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்களுக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. கடலோரத்துத் தாழ்ந்த நிலம்; பாத்தி கட்டி, ஏற்றத்தின்போது கடல்நீரை உள்ளே விட்டு, காயவைத்து உப்பு எடுக்கும் இடம். மும்பையில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. இந்த நகரத்தின் நாலாக்கள் எல்லாம் கடைசியில் கடலிலோ, மராத்தியர் 'காடி' என்று சொல்லும் கடற்கழியிலோ போய் விழுகின்றன. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் நாலாவின் வாயைவிடக் கடலின் மட்டம் உயர்ந்துவிடுகிறது. அப்போது நாலா வடியாது. சில இடங்களில் தண்ணீர் திரும்பி உள்ளேயே வரும். அந்த மூன்று நான்கு மணி நேரத்தில் வானமும் பொத்துக்கொண்டு ஊற்றினால் அந்தத் தண்ணீர் எங்காவது நிற்க வேண்டும். உப்பளத்தில் நிற்கும், சதுப்பில் நிற்கும், கண்டல் காட்டில் நிற்கும். இவற்றை மேடாக்கிவிட்டால்? தாழ்ந்த இடம் எதுவோ அங்கே நிற்கும். தாழ்ந்த இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று நாம் சொல்லவும் வேண்டுமா?

கண்டல் மரத்தின் கதையும் இதுதான். அதன் வேர்கள் சேற்றுக்கு மேலே விரல் விரலாக நீட்டிக்கொண்டு நிற்கின்றனவே, அவை மூச்சு விடுவதற்காக. அந்த வேர்க்கூட்டம் அலையின் வேகத்தைத் தணிக்கிறது, வண்டலைப் பிடித்து நிறுத்துகிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வது அந்த வேர்களின் நடுவில்தான். கோளிப் பெண்கள் தெருவில் கூவி விற்கிற மீனுக்கும் இந்தச் சேற்றுக்கும் தொப்புள்கொடி உறவு உண்டு.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஐ நம் குடும்பங்களில் யாரும் மறக்கவில்லை. சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நகரத்தில் மாண்டவர்கள் நானூறுக்கும் மேல். குர்லா, சயான், கலினா, தாராவி எல்லாம் முழங்காலிலிருந்து கழுத்துவரை தண்ணீர். ரயில் நின்றது. தண்டவாளத்தில் நடந்து வீடு சேர்ந்தவர்கள் எத்தனை ஆயிரம்! ரயில்வேயில் வேலை செய்கிற நாம் ஒன்று சொல்வோம்: சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே ஆண்டுதோறும் தண்டவாளம் மூழ்குவது ரயில்வேக்காரனின் சோம்பலால் மட்டும் வருவதல்ல. பக்கத்தில் மீட்டி என்றொரு ஆறு இருக்கிறது. விஹார், போவாய் ஏரிகளின் வழிநீரில் பிறந்து, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, மாகிம் காடியில் சேர்கிற ஆறு. 2005-க்கு முன்பு அதை ஆறு என்று சொன்னால் சிரித்திருப்பார்கள். சாக்கடை என்றே நம்மில் பாதிப்பேர் நினைத்திருந்தோம்.

அந்த ஆற்றை யார் நெருக்கினார்கள்? குடிசைக்காரன் என்று உடனே பதில் வரும். பத்திரிகைகளும் அப்படியே எழுதின. கரையில் குடிசைகள் இருந்தன, மறுக்கவில்லை. பிளாஸ்டிக்கையும் எண்ணெய்ப் பீப்பாய்க் கழுவலையும் நம் பட்டறைகளும் அதில்தான் விட்டன. ஆனால் விமான நிலைய ஓடுபாதைக்காக ஆற்றை முறுக்கித் திருப்பியது குடிசைக்காரனா? எழுபதுகளின் இறுதியில் தொடங்கி, மாகிம் காடியின் சதுப்பையும் கண்டலையும் மண்ணடித்து மூடி அதன்மேல் பாந்த்ரா-குர்லா வளாகத்தைக் கண்ணாடி மாளிகைகளாக எழுப்பியது குடிசைக்காரனா? சட்டப்படி, வரைபடம் போட்டு, அரசு முத்திரை குத்தி நடந்த வேலை அது. தண்ணீர் தனக்குரிய இடத்தைத் தேடி நம் வீட்டுக்குள் வந்தபோது, அந்த மாளிகைகளில் காவலாளியாகவும் துப்புரவுக்காரராகவும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்களின் ரேஷன் கார்டுதான் ஊறிப்போயிற்று.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. நம் இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செம்பூர் அருகே ஜனதா காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அதில் தமிழர்கள் ஏராளம். அங்கே மாநகராட்சி குப்பை அள்ளவில்லை. கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் என்ற இளைஞர் சிறுவர்களைத் திரட்டி, குப்பையை வாரிக்கொண்டுபோய் மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டவைத்தார். அதன் பிறகு குப்பை அள்ளினார்கள்! பின்னாளில் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பின் தலைவராகி, 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருதும் பெற்று, 2018-இல் மறைந்தவர் அவர்தான். ஜனதா காலனியின் நிலம் அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் வழக்காடினார்கள், டெல்லி வரை போனார்கள். அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், போலீசைக் குவித்து ஏறத்தாழ 70,000 பேரை அப்புறப்படுத்தினார்கள். எங்கே? தாணே காடியின் ஓரத்துச் சதுப்புக்கு. அதுதான் சீட்டா கேம்ப். அந்தச் சேற்றைத் தங்கள் செலவில், தங்கள் தலைச்சுமையில் மேடாக்கியவர்கள் நம் தாய்மார்கள். சேற்றில் கொண்டுவந்து விட்டவர்களின் வாரிசுகள், பின்னாளில் அதே தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்து 'சதுப்பை ஆக்கிரமித்தவர்கள்' என்கிறார்கள்.

ஆகவேதான் உப்பளத்தில் 'வீடு தருகிறோம்' என்ற பேச்சைக் கேட்டதும் நமக்கு 1976 நினைவுக்கு வருகிறது. தேவ்னார் குப்பைமேட்டிலும் 124 ஏக்கர் இதே திட்டத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் அவர்களின் கணக்கு இன்னும் தெளிவாகிறது. நகரத்தின் நடுவே, மூன்று ரயில் பாதைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தாராவி மண் விற்பனைக்கு. உப்பு நிலமும் குப்பை நிலமும் நமக்கு. நம் பெண்கள் முறுக்கு, அப்பளம் போட்டும், நம் ஆண்கள் தோல் தைத்தும் துணி தைத்தும் பிழைப்பது தாராவியின் சந்துகளில். சந்தை அங்கே, சரக்கு அங்கே, கடன் கொடுப்பவர் அங்கே. இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பத்தாவது மாடியில் உட்கார்ந்து யாருக்கு முறுக்கு விற்பது?

முலுண்டில் சிலர் கூட்டம் போட்டு 'தாராவிக்காரர் இங்கே வேண்டாம்' என்றார்கள். அவர்களின் மனக்கசப்பும் நம் கோரிக்கையும் ஒன்றல்ல. அறுபதுகளின் கடைசியில் 'மதராசி' என்று நம்மை விரட்டிய வாய்களை நாம் பார்த்திருக்கிறோம். பக்கத்தில் ஏழை வரக்கூடாது என்று முகம் சுளிப்பவன் ஒருநாள் கையில் பச்சைக்கொடி பிடித்திருந்தாலும் அவன் நம் கூட்டாளி அல்ல.

இங்கேதான் இயற்கை பாதுகாப்புக் குழுக்களிடம் நமக்குள்ள பழைய கணக்கைச் சொல்லியாக வேண்டும். போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருக்கிறது. 1995-இல் ஒரு சூழல் அமைப்பு உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1997-இல், காட்டு எல்லைக்குள் இருக்கும் குடிசைகளை அகற்ற உத்தரவு வந்தது. 1995 ஜனவரி 1-க்கு முந்தைய சான்று இருப்பவர்கள் 7,000 ரூபாய் கட்டினால் மாற்று இடம் என்றார்கள். இல்லாதவர்களுக்கு வானமே கூரை. ஆயிரக்கணக்கான குடிசைகள் தரைமட்டமாயின. காட்டைக் காக்கத்தான் வேண்டும், சிறுத்தையின் காடு சிறுத்தைக்கு இருக்கட்டும். ஆனால் புல்டோசர் குடிசையைத்தான் முதலில் கண்டது. காட்டின் ஓரத்தைக் கடித்துத் தின்ற பெரிய கட்டடங்கள் அதன் கண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் தெரியவில்லை. நிவாரா ஹக் போன்ற வீட்டுரிமை அமைப்புகள் தெருவில் இறங்கி ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகுதான் சாந்திவலியில் மாற்று வீடுகள் எழுந்தன. அந்தக் குடியிருப்புக்குச் 'சங்கர்ஷ் நகர்' என்று மக்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். போராட்ட நகர்! வேறென்ன பெயர் பொருந்தும்?

மேடையில் சில நண்பர்கள் உருக்கமாகப் பேசுவதுண்டு: பூநாரையும் உங்களைப் போலப் பிழைப்புத் தேடி வந்த விருந்தாளிதானே என்று. பேச்சு அழகாக இருக்கிறது. ஆனால் பூநாரையிடம் யாரும் 1995-க்கு முந்தைய ரேஷன் கார்டு கேட்பதில்லை!

இவ்வளவு கசப்பு இருந்தும் ஏன் சேரச் சொல்கிறோம்? இயற்கையைக் காக்கும் குழு என்றால் மாடிவீட்டுக் கனவான்கள் மட்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது சரியல்ல. உரணைப் பாருங்கள். அங்கே பாரம்பரிய மீனவர்கள் தங்கள் சங்கத்தின் பேரில் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். துறைமுக விரிவுக்காகக் கண்டலை அழித்து, காடியின் நீர்வழியை மூடியதால் எங்கள் தொழில் போயிற்று என்று வாதாடினார்கள். எதிரே நின்றவை நேரு துறைமுகமும் சிட்கோவும் எண்ணெய்க் கழகமும். 2015 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: 1,630 மீனவர் குடும்பங்களுக்கு 95.19 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று. கண்டலின் மதிப்பை மரக்கணக்கில் பார்க்காமல் வயிற்றுக்கணக்கில் பார்த்த தீர்ப்பு அது. வழக்கை நடத்தியவர்கள் வலை வீசுகிறவர்கள். இங்கிலீஷ் பேசத் தெரிந்தால்தான் சூழல் வழக்கு நடத்தலாம் என்பது பொய் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

ஆரேயில் நடந்ததும் அப்படித்தான். 2019 அக்டோபர் 4-ஆம் தேதி உயர்நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அன்று இரவே மெட்ரோ பணிமனைக்காக மரம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். பகலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. 144 தடையுத்தரவு போட்டார்கள். மாணவர்களையும் ஆதிவாசிகளையும் சேர்த்து 29 பேரைக் கைது செய்தார்கள். 7-ஆம் தேதி உச்சநீதிமன்றம் நிறுத்தச் சொன்னபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் விழுந்து கிடந்தன. அந்த இரவில் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்ற வார்லிப் பெண்கள் காட்டைப் படத்தில் பார்த்தவர்கள் அல்லர். அதில் விளைவதைத் தின்று வளர்ந்தவர்கள். பணிமனை கான்ஜூருக்கு என்று 2020-இல் ஓர் அரசு சொன்னது, 2022-இல் வந்த அரசு மறுபடி ஆரேக்கே கொண்டுவந்தது. ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது. தோற்றார்கள் என்று சொல்லலாம். மெட்ரோ வேண்டாம் என்று ரயில்வேக்காரர்களான நாம் சொல்லமாட்டோம்; நெரிசலில் தொங்கிச் சாகிறவர்கள் நம் பிள்ளைகள். ஆனால் இரவில் திருடனைப் போல வெட்டவேண்டிய அவசியம் என்ன என்ற கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நவி மும்பையில் ஒரு குழு வேறு வழியில் வென்றது. நெருலில் பூநாரைகள் இறங்கும் ஒரு குளம். காடியிலிருந்து ஏற்றநீர் வரும் வழி அடைபட்டுக் குளம் காய்ந்தது. 2024-இல் பூநாரைகள் அடுத்தடுத்து இறந்தன. அக்கம்பக்கத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. படம் எடுத்தார்கள், மனுவுக்கு மேல் மனு அனுப்பினார்கள், அதிகாரிகளைக் குளக்கரைக்கே வரவழைத்தார்கள். 2025 ஏப்ரலில் அந்தக் குளத்தைப் பாதுகாப்புக் காப்பகமாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் தந்தது. விடாமல் எழுதிய கடிதங்கள் செய்த வேலை இது. கடிதம் எழுதுவது குமாஸ்தாவின் தொழில் என்பதால் நமக்கு இதில் தனி மகிழ்ச்சி.

சட்டம் யார் பக்கம் என்பதையும் தெரிந்துகொள்வோம். கண்டல் காடுகளை அழிக்கக்கூடாது, அவற்றைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என்று 2005 அக்டோபரிலேயே மும்பை உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. வெள்ளம் வடிந்து மூன்று மாதம் ஆகுமுன் வந்த உத்தரவு. 2018 செப்டம்பரில் வந்த இறுதித் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது: கண்டலை அழிப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்றது. மேற்பார்வைக்குக் கொங்கண் கோட்ட ஆணையர் தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. பொதுமக்கள் புகார் கொடுக்க வழி செய்யச் சொன்னது. பொதுமக்கள் என்றால் நாமும்தான்.

இத்தனை உத்தரவு இருந்தும் கண்டல் குறைகிறதே எப்படி? இரவில் கட்டட இடிபாட்டு லாரி வரும். முதலில் ஓரத்தில் ஒரு வரப்பு போல் கொட்டுவார்கள். ஏற்றநீர் உள்ளே வருவது நிற்கும். தண்ணீர் வராவிட்டால் கண்டல் தானே பட்டுப்போகும்; கோடாலியே வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் 'இங்கே கண்டல் ஏது?' என்பார்கள். பிறகு அந்த மேட்டில் தகரக் கொட்டகை முளைக்கும். பேட்டை தாதா ஒருவன் பத்துக்குப் பத்து அடி என்று துண்டு போட்டு விற்பான். வாங்குவது யார்? நம் சனங்கள். தாலியை அடகு வைத்து, ஊரில் இருந்த காணியை விற்று வாங்குவார்கள். இடிக்க வரும்போது தாதா இருக்கமாட்டான். லாரி ஓட்டுகிறவர்களிலும் நம் பையன்கள் உண்டு. ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன் என்று விட்டுவிடவும் மனமில்லை. நம் பையன் கொட்டும் மண் நம் அத்தை வீட்டுக்குள் தண்ணீரை அனுப்புகிறது என்று அவனுக்கு யாராவது சொன்னோமா? சங்கம் சொல்லவேண்டும். கூலி வேலை வேறு ஏற்பாடு செய்து தராமல் வெறும் உபதேசம் செய்வது எடுபடாது என்பதும் நமக்குத் தெரியும்.

குப்பையைக் காடாக்க முடியும் என்பதற்கு நாம் எங்கும் தேடிப்போக வேண்டாம். தாராவிக்கு அடுத்தாற்போல், சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையில், மீட்டியின் கரையில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. 37 ஏக்கர். 1977 வரை அது நகரத்தின் குப்பைக் கிடங்கு. 1983-இல் பறவை அறிஞர் சாலிம் அலி அங்கே முதல் மரக்கன்றுகளில் ஒன்றை நட்டார். 1994-இல் பூங்கா திறக்கப்பட்டது. இன்று அங்கே மரங்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன; பட்டாம்பூச்சியும் பறவையும் தாமாக வந்து குடியேறின. மறுசீரமைப்புத் திட்டத்தின் வரைபடத்தில் அந்தப் பூங்காவும் சேர்ந்துவிடுமோ என்று அச்சம் எழுந்தபோது ஒரு சூழல் அமைப்பு நீதிமன்றம் போயிற்று. பூங்கா திட்டத்தில் சேராது என்று 2023-இல் அரசுத் தரப்பு சொல்லவேண்டி வந்தது. யாரோ நமக்காகப் போட்ட வழக்கு! சாலையைக் கடந்தால் பூங்கா. நம் குடும்பங்களில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போய்ப் பாருங்கள். சினிமா டிக்கெட்டைவிட மலிவு.

நமக்கு இது புதிய வித்தையும் அல்ல. தாராவித் தமிழர்களில் பெரும்பகுதி திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்தை அறியாதவர்கள் அவர்களில் குறைவு. நாரைகள் வந்து வீட்டுக் கொல்லையிலும் தெருவோர மரத்திலும் கூடு கட்டும். அதற்காக அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அள்ளுவார்கள். 1994-இல் அரசு அதைச் சரணாலயம் என்று அறிவித்தது. 2022-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அறிவிப்புக்கு முன்பே காத்தவர்கள் ஊர்மக்கள். படித்து முடித்து அவர்கள் காக்கவில்லை. பறவை வந்தால் குளம் நிறையும், குளம் நிறைந்தால் வயல் விளையும் என்று அறிந்து காத்தார்கள். அதே பூநாரை தாணே காடியிலும் இறங்குகிறது. அந்தக் காடியின் ஒரு பகுதி 2015-இல் சரணாலயமானது. அதுவும் 2022-இல்தான் ராம்சர் பட்டியலில் ஏறியது. மான்கூர்டில் ஏறி வாஷிக்குப் போகும் ரயிலில், பாலத்தின் மேல் இரண்டு நிமிடம் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் நம் ஊர்க் குளத்துச் சொந்தத்தைப் பார்க்கலாம்.

இனி, அந்தக் குழுக்களின் நண்பர்களுக்கும் நேராகவே பேசுகிறோம். உங்கள் கடிதங்களில் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லைக் குடிசைக்கு மட்டும் எழுதுவதை நிறுத்துங்கள். வரைபடம் போட்டு மூடிய சதுப்புக்கும் அதே சொல்லை எழுதுங்கள். உப்பளத்தில் கட்டாதே என்று வழக்காடும்போது, அங்கே அனுப்பப்பட இருந்தவர்களுக்குத் தாராவியிலேயே வீடு கொடு என்ற வரியையும் மனுவில் சேர்த்துக் கேளுங்கள். சேர்க்காவிட்டால் நாளைக்கே எங்கள் மக்களைக் கூட்டிவந்து 'வீட்டைத் தடுக்கிறவர்கள் இவர்கள்' என்று உங்களை எதிர்த்து ஊர்வலம் விடுவார்கள். கொடி பிடிக்க ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்கவும் ஆள் இருக்கிறது. கூட்டத்தை இங்கிலீஷில் மட்டும் நடத்தாதீர்கள். வேலைநாள் பகலில் வைக்காதீர்கள், கூலிக்காரன் வரமுடியாது. வந்தவனைத் துடைப்பம் கொடுத்துக் கடற்கரைக் குப்பை பொறுக்க விட்டுவிட்டுத் தீர்மானத்தை நீங்கள் மட்டும் எழுதாதீர்கள். துடைப்பத்தை நாங்கள் நன்றாகவே பிடிப்போம், பேனாவையும் பிடிப்போம்.

நம் கிளைகளுக்கு: மழைக்காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு கிளையும் இரண்டு பெயர் எழுதி அனுப்ப வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பகலில் நாலாவிலும் காடியோரத்திலும் என்ன கொட்டப்படுகிறது என்பது வேலைக்குப் போய்விடும் ஆண்களைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். மண் விழும் இடத்தைக் கைபேசியில் தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுங்கள். அருகில் உள்ள பெரிய அடையாளம் ஒன்று, பள்ளிக்கூடமோ கோயிலோ மின்கம்பத்தின் எண்ணோ, படத்தில் விழட்டும். லாரியின் எண் கிடைத்தால் நல்லது. அதற்காக லாரியின் முன்னே போய் நின்று வாய்ச்சண்டை போடவேண்டாம், அவர்கள் தனியாக வருவதில்லை. கோட்ட ஆணையருக்கும் வனத்துறைக்கும் போகவேண்டிய மனுவை மராத்தியில் எழுதித் தரச் சங்க அலுவலகத்தில் ஆள் உண்டு, சனி மாலை ஆறு மணிக்கு மேல். கோளிவாடாவில் இருப்பவர்களைக் கையெழுத்துக்குக் கேட்க மறக்காதீர்கள். அந்தக் காடியை அவர்கள் நமக்கு முன்பிருந்தே அறிவார்கள். தாராவிக் கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டவர்கள் அதே சனிக்கிழமை பழைய மின்கட்டண ரசீது, பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் அட்டை எது இருந்தாலும் நகலோடு வரவும். இரண்டு மனுவையும் ஒரே மேசையில் வைத்தே எழுதுவோம்.